ஆஸ்திரேலியத் திறன் குடியேற்றம்: ரெஸ்யூமையும் கவர் லெட்டரையும் நீங்களே எழுத முடியுமா?

கேள்வி, சுருக்கமாக: கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்தவன் நான். பி.இ. மெக்கானிக்கல். 2014இல் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் சேர்ந்தேன். இப்போது புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வரும் மார்ச்சில் 33 வயது நிறைகிறது. ஆஸ்திரேலியாவுக்குத் திறன் அடிப்படையில் விண்ணப்பிக்க நினைக்கிறேன். புதுச்சேரியில் ஓர் ஏஜென்ட் ரெஸ்யூமும் கவர் லெட்டரும் எழுதித்தர 35,000 ரூபாய் கேட்கிறார். நானே எழுத முடியாதா, அண்ணா? இப்போதிருக்கும் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்.

பதில்:

தாராளமாக முடியும், தம்பி. சொல்லப்போனால் நீங்கள் எழுதுவதுதான் பாதுகாப்பு. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விசா வக்கீல் இல்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் பணியாளர் பிரிவில் இருந்து, அனுபவச் சான்றுகளை டைப் அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன். அந்தச் சான்றுகள் வெளிநாட்டு மேசைகளில் எங்கே செல்லுபடியாகின்றன, எங்கே திருப்பி அனுப்பப்படுகின்றன என்பதைப் பலருடைய கோப்புகள் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் ரெஸ்யூம் இரண்டு பக்கம். மேலே குறிக்கோள் என்று நான்கு வரி. நடுவில் வேலை. கீழே தந்தை பெயர், மதம், திருமணமானவரா, பொழுதுபோக்கு, பிறகு ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகம், இடம் கடலூர், தேதி, கையெழுத்து. சேதராப்பட்டில் நேர்முகத் தேர்வுக்குப் போக இது போதும். ஆஸ்திரேலியாவுக்குக் குறிக்கோளும், மதமும், பொழுதுபோக்கும், கீழேயுள்ள உறுதிமொழியும் வேண்டாம். புகைப்படமும் வேண்டாம். இவற்றை எடுப்பது ஐந்து நிமிட வேலை. மீதிதான் உண்மையான வேலை.

உங்கள் ரெஸ்யூமை அங்கே முதலில் படிக்கப்போகிறவர் வேலை கொடுக்கிறவர் இல்லை. எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பின் மதிப்பீட்டாளர் படிப்பார். உங்கள் படிப்பும் வேலையும் அவர்கள் ஊர்ப் பொறியாளர் தகுதிக்கு இணையா என்று அவர் முடிவு செய்வார். அது கிடைத்து, வயது, அனுபவம் போன்றவற்றுக்கான புள்ளிக் கணக்கில் விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பும் வந்த பிறகு, குடியேற்றத் துறை அதிகாரி படிப்பார். இந்த இருவரும் உங்களை வேலைக்கு எடுக்கப்போவதில்லை. உங்கள் திறமையில் மயங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஒரு பக்கம் ரெஸ்யூம், மறுபக்கம் ஆவணங்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே காகிதம் இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார்கள். ஆகவே ரெஸ்யூமைக் கடைசியாக எழுதுங்கள். முதலில் வீட்டில் இருக்கும் அத்தனை காகிதங்களையும் தேதிவாரியாகத் தரையில் பரப்புங்கள்.

உங்கள் விஷயத்தில் அப்படிப் பரப்பினால் மூன்று நான்கு இடங்களில் இடறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படிப்பு. ‘பி.இ., 2010–2014’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் இரண்டு அரியர் இருந்ததாகவும், 2015 நவம்பர் தேர்வில் முடித்ததாகவும், முடிவு 2016 ஜனவரியில் வந்ததாகவும் சொல்கிறீர்கள். உங்கள் கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட்டும் புரவிஷனல் சான்றிதழும் 2016 என்றுதான் சொல்லும். நம் ஊரில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ‘2014 பேட்ச்’ என்றால் போதும். அங்கே பட்டத்துக்கான தகுதி முழுமையான பிறகு செய்த வேலைதான் பொறியாளர் அனுபவமாகக் கணக்கில் வரும். எனவே படிப்புக் காலம் 2010–2014, பட்டத் தகுதி நிறைவு 2016 ஜனவரி என்று இரண்டையும் எழுதுங்கள். அரியர் இருந்தது குற்றமில்லை. தேதி மாறியிருந்தால்தான் கேள்வி வரும்.

இதனால் உங்கள் அனுபவம் 2016 பிப்ரவரியிலிருந்து தொடங்குகிறது. இங்கேதான் காண்ட்ராக்ட் விவகாரம் வருகிறது.

2014 ஜூலை முதல் 2017 பிப்ரவரி வரை நீங்கள் அந்த ஆலைக்குள் வேலை செய்தீர்கள். சம்பளம் கொடுத்தது காண்ட்ராக்டர். ரெஸ்யூமில் ஆலையின் பெயரை மட்டும் போட்டிருக்கிறீர்கள். சிப்காட்டில் பாதிப்பேர் இப்படித்தான் போடுகிறார்கள், பெரிய பெயர் என்பதால். ஆனால் பி.எஃப். பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது? காண்ட்ராக்டர் பெயரில். வங்கிக் கணக்கில் சம்பளம் போட்டது யார்? அவரேதான். படிக்கிறவருக்கு இது பொய்யாகத் தெரியும், நீங்கள் அந்த ஆலையில் வியர்வை சிந்தியது உண்மையாக இருந்தும்கூட. முதலாளி என்ற இடத்தில் காண்ட்ராக்டரின் பெயரையும், பணியிடம் என்ற இடத்தில் ஆலையின் பெயரையும் எழுதுங்கள். 2017 மார்ச்சிலிருந்து ஆலையின் நேரடி ஊழியர் என்று அடுத்த பதிவு.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டு அனுபவத்துக்கு மூன்று வருடம் இருந்தால் 5 புள்ளி, ஐந்து வருடத்துக்கு 10, எட்டு வருடத்துக்கு 15. நேரடி ஊழியராக இருந்த காலத்தையும் இப்போதைய சேதராப்பட்டு வேலையையும் மட்டும் கூட்டினால் உங்களுக்கு எட்டு வருடம் வரவில்லை. காண்ட்ராக்டரிடம் பட்டத்துக்குப் பிறகு இருந்த ஒரு வருடத்தைச் சேர்த்தால் எட்டைத் தாண்டுகிறது. அந்த ஒரு வருடத்துக்கு ஆதாரம் இருப்பதும் இல்லாததும் ஐந்து புள்ளி வித்தியாசம். மார்ச்சில் 33 நிறைந்தால் வயதுக்கான 30 புள்ளி 25 ஆகிவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அழைப்பு வரும் நாளின் வயதைத்தான் பார்ப்பார்கள். மொத்தம் 65 புள்ளி என்பது நுழைவதற்கான குறைந்தபட்சம்தான், 65 இருந்தாலே அழைப்பு வந்துவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

காண்ட்ராக்டர் காலத்துக்கு என்ன ஆதாரம் கிடைக்கும்? அப்போது மாதம் 12,000 வாங்கியதாகச் சொல்கிறீர்கள். வருடம் 1,44,000. வருமான வரி வரம்பு அப்போது இரண்டரை லட்சம். எனவே ஃபார்ம் 16 இருக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம். இ.எஸ்.ஐ. வரம்பு 15,000ஆக இருந்த காலம் அது, உங்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை போட்டிருப்பார்கள். பி.எஃப். இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணைப் போட்டு சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் என்ன இருக்கிறதோ அதோடு ரெஸ்யூம் பொருந்த வேண்டும். சில காண்ட்ராக்டர்கள் ஆள் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் பி.எஃப். கட்டத் தொடங்குவார்கள். அப்படியிருந்தால் உண்மையான தேதியையே எழுதுங்கள். முதல் சம்பளம் வந்த வங்கி ஸ்டேட்மெண்டையும் நியமனக் கடிதத்தையும் இணைத்து, வித்தியாசத்தை, பின்னால் நான் சொல்லப்போகும் விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். பழைய ஸ்டேட்மெண்டை வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், கட்டணம் இருக்கும்.

அடுத்தது இடைவெளி. ‘2017–2020’, ‘2021 முதல்’ என்று வருடத்தை மட்டும் போட்டு, நடுவில் இருந்த பதினாறு மாதத்தை மறைத்திருக்கிறீர்கள். இந்த உத்தி எல்லோருக்கும் தெரியும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா கேட்பதே முழுக் காலவரிசை; வேலையில்லாமல் இருந்த காலத்தையும் எழுதி இடைவெளி இல்லாமல் நிரப்பச் சொல்கிறார்கள். விசாவுக்காக ஃபார்ம் 80 என்ற சொந்த விவரப் படிவத்தைக் கேட்டால் அதிலும் இதே கதைதான். 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூலை வரை என்று மாதத்தோடு எழுதி, ‘வேலையில் இல்லை, பொதுமுடக்கத்தின்போது ஆலை ஆட்குறைப்பு, தந்தையின் சிகிச்சையைக் கவனித்துக்கொண்டேன்’ என்று எழுதினால் போதும். இரக்கம் தேட வேண்டாம், மருத்துவமனை விவரங்களையும் அடுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தது தொலைதூரக் கல்வியில் என்றால் அதையும் அப்படியே குறிப்பிடுங்கள். நேரில் போய்ப் படித்தது போலத் தோன்றினால், 2021 ஆகஸ்டுக்குப் பிறகு பகலில் சேதராப்பட்டில் வேலை, அதே நேரம் சிதம்பரத்தில் வகுப்பா என்று கேள்வி வரும்.

பெயர். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால், கல்லூரிச் சான்றிதழில் பின்னால், பி.எஃப்.பில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டார் கண்ணுக்கு இவை நான்கு ஆட்கள். ரெஸ்யூமின் தலைப்பில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் வேறு பெயர்கள் உண்டா என்று ஒரு கேள்வி வரும். பலர் ‘இல்லை’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். நோட்டரி முன்னால், இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஓர் அஃபிடவிட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு சின்ன விஷயம். நீங்கள் பிறந்தது 1993 மார்ச். தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தது அந்த ஆண்டு செப்டம்பர் 30இல்தான். எனவே உங்கள் பிறப்புச் சான்றிதழில் தென்னாற்காடு என்றும், பாஸ்போர்ட்டில் கடலூர் என்றும் இருக்க வாய்ப்புண்டு. யாராவது கேட்டால் மாவட்டப் பிரிவினை என்று ஒரு வரி போதும். அதற்காகச் சான்றிதழைத் திருத்த ஓடாதீர்கள். அதேபோல மஞ்சக்குப்பம், சேதராப்பட்டு ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

இப்போது ரெஸ்யூமின் உள்ளடக்கம். பதவிப் பெயரை மாற்றாதீர்கள். உங்கள் நியமனக் கடிதத்தில் ‘சீனியர் எக்ஸிக்யூட்டிவ் – மெயின்டனன்ஸ்’ என்று இருந்தால் ரெஸ்யூமிலும் அதுவே. ஏஜென்ட்கள் செய்கிற முதல் வேலை, அதை ‘மெக்கானிக்கல் எஞ்சினியர்’ என்று மாற்றுவது. பிறகு ஆலையிலிருந்து வரும் கடிதத்தில் வேறு பதவி இருக்கும். எந்தத் தொழில் என்பதைப் பதவிப் பெயர் தீர்மானிப்பதில்லை. செய்த பணிதான் தீர்மானிக்கிறது. அவர்களுடைய தொழில் பட்டியலில் மெக்கானிக்கல் எஞ்சினியர் 233512; உற்பத்தி அல்லது ஆலைப் பொறியாளர் 233513. இரண்டின் விளக்கத்தையும் படியுங்கள். நீங்கள் நாள் முழுவதும் செய்வது எதற்கு நெருக்கம் என்று பாருங்கள். எனக்குத் தோன்றுவது இரண்டாவது, ஆனால் முடிவு உங்களுடையது. எதை எடுத்தாலும் அந்த விளக்க வாசகங்களை அப்படியே ரெஸ்யூமில் இறக்காதீர்கள். மதிப்பீட்டாளருக்கு அவை மனப்பாடம்.

உங்கள் ரெஸ்யூமில் பணி விவரம் இப்படி இருக்கிறது: ‘சுழலும் இயந்திரங்கள் அனைத்தின் பராமரிப்புக்கும் பொறுப்பு. கடின உழைப்பாளி. குழுவாகச் செயல்படுபவர்.’ இதை எந்த ஆலையின் எந்தப் பொறியாளரும் எழுதலாம். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: கரைப்பான் அனுப்பும் பம்பில் மெக்கானிக்கல் சீல் (கசிவைத் தடுக்கும் பாகம்) திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் சீலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், நீங்கள் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது ஃபிளாஞ்ச் தானாக விலகியது, உப்புக் காற்றில் துருப்பிடித்த தாங்கிகள் இறங்கி, குழாயின் பாரம் முழுவதும் பம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. தாங்கிகளை மறுபடி கணக்கிட்டு, வரைந்து, மாற்றி, டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் சரிசெய்த பிறகு சீல் நின்றது. தம்பி, பொறியாளர் என்று உங்களைக் காட்டுகிற ஒரே விஷயம் அதுதான், அது ரெஸ்யூமில் இல்லை!

அதை ரெஸ்யூமில் இப்படி இறக்கலாம். ஆங்கிலத்தில் எழுதப்போகிறீர்கள், சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன்: ‘கரைப்பான் பம்பில் மெக்கானிக்கல் சீல் தொடர்ந்து பழுதானதன் காரணத்தை ஆராய்ந்தேன். குழாய்த் தாங்கிகள் அரித்து இறங்கியதால் பம்பின் மீது ஏற்பட்ட விசையே காரணம் எனக் கண்டறிந்தேன். தாங்கிகளின் இடத்தையும் அளவையும் மறுபடி கணக்கிட்டு வரைபடம் தயாரித்தேன். நிறுவிய பின் அலைன்மென்ட்டை அளந்து பதிவு செய்தேன்.’ கண்டுபிடித்தது, கணக்கிட்டது, வரைந்தது, அளந்தது எல்லாம் நான்கு வரியில் வந்துவிட்டன. பழுது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு உங்கள் லாக்புக்கில் இருந்தால் சேருங்கள். இல்லாத எண்ணை உருவாக்காதீர்கள். ஆலையின் ரகசிய வரைபடத்தையும், எந்தப் பொருளை எந்த விகிதத்தில் கலக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டாம். அதற்கு அங்கே யாரும் மதிப்பெண் தருவதில்லை, இங்கே வழக்கு வரும்.

‘நான்’ என்று எழுதக் கூசாதீர்கள். நமக்கு ‘நாங்கள் செய்தோம்’ என்பது பண்பு. அங்கே அப்படி எழுதினால், இதில் இவருடைய பங்கு எது என்ற கேள்வி வரும். ரெஸ்யூமைவிட இது உங்கள் கேரியர் எபிசோடுகளுக்கு, அதாவது நீங்கள் செய்த பொறியியல் வேலைகளை விவரிக்கும் கட்டுரைகளுக்கு, முக்கியம். உங்கள் கல்லூரிப் படிப்பு, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் கீழ் வரவில்லை என்றால், திறன் விளக்க அறிக்கை என்ற ஒன்றைத் தர வேண்டும்; அதில் மூன்று எபிசோடுகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது 2014இல். நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் அதற்கு முன்பே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்த அறிக்கை வழியாகத்தான் போகிறார்கள். பம்ப் விஷயம் ஓர் எபிசோடுக்குத் தாராளமாகக் காணும். ரெஸ்யூம் மூன்று பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், விரிவு எபிசோடில், அதன் விதை ரெஸ்யூமில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தேதி ஒன்றாக இருக்கட்டும்.

இப்போது ஏஜென்ட் விஷயம். அவர் எழுதித்தருவது எங்கிருந்து வரும்? ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதியதிலிருந்து. எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா மென்பொருள் வைத்து ஒப்பிடுகிறது. நகல் என்று தெரிந்தால் நிராகரிப்பதோடு, குடியேற்றத் துறைக்கும் தெரிவிக்கலாம். விசா விண்ணப்பத்தில் பொய்யான தகவல் என்று முடிவானால் பொது நலன் நிபந்தனை 4020 என்ற விதியின் கீழ் மூன்று வருடம் பெரும்பாலான விசாக்களுக்கு வழி அடைபடும். தண்டனை உங்களுக்கு, ஏஜென்ட்டுக்கு இல்லை. நீங்களே எழுதுவது பாதுகாப்பு என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான். பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நீங்கள் எழுதியதை ஆங்கிலப் பிழை திருத்த ஒருவருக்குக் கொடுங்கள். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற முகவரிடம் போங்கள். அவர்களுக்குப் பதிவு எண் உண்டு, அரசு இணையதளத்தில் சரிபார்க்கலாம். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். அவரவர் பெயரில் என்ன அனுப்பப்பட்டது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கவர் லெட்டருக்கு வருவோம். இதில் இரண்டு வகையைப் போட்டுக் குழப்புகிறார்கள். மதிப்பீட்டுக்கும் விசாவுக்கும் நீங்கள் எழுத வேண்டியது விளக்கக் கடிதம். கட்டாயமில்லை, ஆனால் உங்கள் கோப்பில் இடறுகிற இடங்கள் இருப்பதால் எழுதுவது நல்லது. ஒரு பக்கம். ‘எனக்குச் சிறுவயது முதலே ஆஸ்திரேலியா பிடிக்கும்’ என்பது வேண்டாம். ‘மாண்புமிகு ஐயா’, ‘தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ இரண்டும் வேண்டாம். தாலுகா அலுவலகத்துக்கு எழுதும் மனுவின் நடை நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. அதை இங்கே கழற்றி வையுங்கள்.

உங்கள் கடிதத்தின் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘2014 ஜூலை முதல் 2017 பிப்ரவரி வரை நான் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியராக, இணைப்பு 4இல் உள்ள ஆலையில் பணிபுரிந்தேன். ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளன (இணைப்பு 5, 6). தினசரிப் பணியை ஆலையின் பராமரிப்பு மேலாளர் மேற்பார்வையிட்டார். அவருடைய உறுதிமொழி இணைப்பு 7. 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூலை வரை நான் வேலையில் இல்லை. என் பட்டத் தகுதி 2016 ஜனவரியில் நிறைவடைந்தது. அதற்கு முந்தைய பணியை நான் புள்ளிகளுக்குக் கோரவில்லை. பள்ளி, கல்லூரி, வைப்பு நிதி ஆவணங்களில் என் பெயர் வெவ்வேறு வடிவங்களில் உள்ளது. அஃபிடவிட் இணைப்பு 9.’

அவ்வளவுதான். ‘கோரவில்லை’ என்ற வரியைக் கவனியுங்கள். எதைக் கேட்கிறோம், எதைக் கேட்கவில்லை என்று நாமே சொல்லிவிட்டால் படிப்பவர் நம்மேல் சந்தேகப்படத் தேவையில்லை. புள்ளி அதிகமாகக் கோரி, அழைப்பு வந்த பிறகு குறைந்தால் விண்ணப்பக் கட்டணத்தோடு வாய்ப்பும் போகும்.

இரண்டாவது வகைதான் உண்மையான கவர் லெட்டர்: அங்கே ஒரு நிறுவனத்துக்கு வேலை கேட்டு எழுதுவது. புள்ளிக் கணக்கில் வரும் 189, 190, 491 ஆகிய விசாக்களுக்கு இது பொதுவாகத் தேவைப்படாது. நிறுவனமே அழைக்கும் 482 போன்றவற்றுக்குத் தேவை. இதில் நடை வேறு. அவர்கள் விளம்பரத்தில் கேட்ட இரண்டு மூன்று விஷயங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரு சம்பவம். பம்ப் கதை இங்கே முதல் பத்தியிலேயே வரலாம். விசா நிலையை ஒளிக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: இப்போது இந்தியாவில் இருக்கிறேன், திறன் மதிப்பீடு முடிந்தது, ஸ்பான்சர் தேவை. ரெஸ்யூமும் இதற்கு இரண்டு பக்கமாகச் சுருங்கலாம், பழைய வேலைகள் ஒரு வரியாகலாம். ஆனால் தேதியும் பதவிப் பெயரும் மதிப்பீட்டுக்குக் கொடுத்ததிலிருந்து இம்மியும் மாறக் கூடாது. லிங்க்ட்இன் பக்கத்தையும் இன்றே திருத்துங்கள். அதில் இன்னும் 2014 முதல் நேரடி ஊழியர் என்றுதான் இருக்கிறது, பார்த்தேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. செவிலியர்களுக்கும், கணினித் துறையினருக்கும், ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், வெல்டர்களுக்கும் மதிப்பிடும் அமைப்பு வேறு, படிவம் வேறு. காகிதத்துக்கு எதிர்க்காகிதம் என்ற வேலை மட்டும் ஒன்றே. சிங்கப்பூரில் வேலைபார்த்துத் திரும்பியவர்கள் சி.பி.எஃப். (அந்த ஊர் வருங்கால வைப்பு நிதி) ஸ்டேட்மெண்ட் இருந்தால் அதையும், வருமான வரி நோட்டீஸையும், வேலை அனுமதி அட்டையின் நகலையும் தேடி எடுங்கள். கனடாவுக்கு முயல்கிறவர்களுக்கு ரெஸ்யூமைவிட நிறுவனக் கடிதம்தான் உயிர். பொய்த் தகவலுக்கு அங்கே ஐந்து வருடத் தடை.

கடைசியாக, எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும் இடம்: நிறுவனத்தின் அனுபவக் கடிதம். நம் ஊர்ச் சான்று எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானே அடித்தது: ‘இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார். இவருடைய நடத்தையும் குணமும் நன்று. எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.’ குணத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. லெட்டர்ஹெட்டில் பதவி, தேதிகள், முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், முக்கியப் பணிகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி, நிறுவன மின்னஞ்சல் எல்லாம் வேண்டும்.

பணியாளர் பிரிவில் இதைக் கேட்டால் ‘எங்கள் ஃபார்மட் இதுதான்’ என்பார்கள். அவர்களுக்கு உங்கள் மேல் கோபம் எதுவுமில்லை. வழக்கமில்லாத வாசகத்தில் கம்பெனி முத்திரை வைக்கப் பயம். நாங்களும் அப்படித்தான் பயந்தோம். எனவே வெறுங்கையோடு போகாதீர்கள். நியமனக் கடிதத்திலும் வருடாந்திர மதிப்பீட்டிலும் ஏற்கெனவே இருக்கிற பணி விவரங்களை வைத்து வரைவைத் தயாரித்து, முதலில் உங்கள் துறைத் தலைவரிடம் காட்டி ஒப்புதல் மின்னஞ்சல் வாங்குங்கள். அதை இணைத்துப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பினால், புதிதாக எதற்கும் பொறுப்பேற்கவில்லை என்று அவர்களுக்கு மனம் நிம்மதியாகும். மாதக் கடைசியில் போகாதீர்கள். சம்பளப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும், எரிந்து விழுவார்கள். அப்படியும் மறுத்தால் உங்கள் மேலாளரே நோட்டரி முன் உறுதிமொழி தரலாம்: தான் யார், எந்தக் காலத்தில் உங்களை மேற்பார்வையிட்டார், நீங்கள் என்ன செய்தீர்கள். அவருடைய அடையாள அட்டை நகலையும் விசிட்டிங் கார்டையும் சேருங்கள். சிப்காட் காலத்துக்கு உங்களுக்கு இந்த வழிதான் சரிப்படும். அந்தப் பழைய மேலாளர் இப்போது நெய்வேலியில் இருப்பதாகச் சொன்னீர்கள், அடுத்த ஞாயிறே போய்ப் பார்த்துவிடுங்கள்.

சேதராப்பட்டுக் கடிதம் கைக்கு வந்ததும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாத சம்பள வேலையைத்தான் அவர்கள் வேலை என்று எண்ணுகிறார்கள். இங்கே எல்லோரும் 48 மணி நேரம் உழைப்பதால் அதை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. இல்லையென்றால் அங்கேயே நின்று சேர்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.